நீரின் குலமுறை

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் குலமுறையை நமக்கு உரைக்கின்றன. எழுத்தறிந்தோர் செப்பேட்டைப் படிப்பதுபோல், வேதியியல் அறிந்தோர் நீரைப் படித்து அதன் பிறப்பிடத்தை உரைக்க வல்லர். நீரில் இயல்பாகவே கரைந்துள்ள சில பொருள்கள் அதற்குச் சான்றாகின்றன. அவற்றை ‘இயற்கைச் சுவடுகள்’ எனலாம்.

எண்ணெய்க் கிணறுகளில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது. எண்ணெயோடு நீரும் மேலேறி வருதல் இயல்பு. அந்நீர் பாறையில் தொன்றுதொட்டுத் தங்கியதா, எண்ணெயை உந்துதற்கென மேலிருந்து செலுத்தியதா, குழாய்ப் பழுதால் வேறோர் ஊற்றிலிருந்து புகுந்ததா என்பதை அறிந்தாலன்றிக் கிணற்றைச் செப்பனிட இயலாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம் சல்பேட் உண்டு. பாறைநீரில் அது பெரும்பாலும் மிகக் குறைவு. எனவே கடல்நீரைச் செலுத்தும் வயல்களில், வெளிவரும் நீரில் சல்பேட் ஏறுமாயின், செலுத்திய நீர் கிணற்றை எட்டிவிட்டதென ஐயுறுவர்.

இக்கலை நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இன்றியமையாதது. கொசத்தலையாறு பூண்டியைக் கடந்து எண்ணூரில் கடலை அடைகிறது. அதன் படுகையிலுள்ள மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களின் கிணறுகள் சென்னை நகருக்கும் மணலி ஆலைகளுக்கும் நீர் ஈந்தன. ஊறுவதினும் மிகுதியாக இறைத்தமையால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் 1969இல் ஏறத்தாழ 3 கி.மீ. வரை வந்த உவர், 1983இல் 7 கி.மீ. அளவை எட்டியது. 1987இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆயின், உவர்த்த கிணறெல்லாம் கடலால் உவர்த்தன அல்ல. ஆலைக்கழிவும் உவர்ப்பிக்கும், பாசனநீர் ஆவியாகி எஞ்சும் உப்பும் உவர்ப்பிக்கும். நாவுக்கு மூன்றும் ஒன்றே. சுவடுகளோ வேறுபடுத்திக் காட்டும். கடல்நீரில் குளோரைடு, புரோமைடைப் போல எடையில் ஏறத்தாழ 290 மடங்கு. உப்பு படிகமாகும்போது புரோமைடைப் பெரிதும் ஏற்பதில்லை. ஆதலால் உப்பைப் பயன்படுத்தும் ஆலைகளின் கழிவில் இவ்விகிதம் பன்மடங்கு உயரும். ஆவியான நீரிலோ எடைமிகுந்த ஆக்சிஜன்-18 செறிந்திருக்கும்.

ஒரு சுவடு மட்டும் போதாது. பண்டு நிலத்தடியில் சிறைப்பட்ட கடல்நீரும் இன்று புகுந்த கடல்நீரும் ஒரே விகிதத்தைக் காட்டக்கூடும். பல சான்றுகளை ஒப்புநோக்கியே முடிவு காணல் வேண்டும்.

நோய்முதல் வேறெனில் மருந்தும் வேறு. கடலெனில் இறைப்பைக் குறைத்துத் தடுப்பணைகளால் நன்னீர் ஊட்ட வேண்டும். கழிவெனில் அதன் வாயை அடைக்க வேண்டும். சான்றின்றித் தீர்ப்பளிப்பின், ஆலையின் பிழைக்கு உழவரும், கடலின் வரவுக்கு ஆலையும் பழிசுமக்க நேரும். கும்மிடிப்பூண்டி முதலாகத் தொழில் பெருகும் ஊர்களில், கிணறு நன்னீராய் இருக்கும்போதே அதன் சுவடுகளை அளந்து பதிந்து வைத்தல் நலம். பின்னர் உவர்த்தால், ஒப்பிட அப்பதிவே துணையாகும்.