தூரமும் நேரமும்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே தூரம் எவ்வளவு? இவ்வினாவுக்கு விடை ஒன்றன்று. நிலப்படத்தில் நேர்கோடு இழுத்து அளந்தால் ஏறத்தாழ 135 கிலோமீட்டர். இதனையே வான்வழித் தூரம் என்பர். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்றால் 150 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. திண்டிவனம் வழியே அதனினும் கூடுதல். அச்சாலையில், சென்னைக்குச் சுமார் 120 கிலோமீட்டரிலும் புதுச்சேரிக்குச் சுமார் 35 கிலோமீட்டரிலும் அமைந்தது நமது மரக்காணம். லாரி வாடகை பேசும்பொழுது சாலைத் தூரத்தையே கொள்ளவேண்டும் என்பதை அங்கத்தினர்கள் அறிவர். ஆனால் தூரத்தை மட்டும் கொண்டு நேரத்தை மதிப்பிடுதல் பொருந்தாது.

விமானப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பெங்களூருக்கு நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். சாலையில் சுமார் 350 கிலோமீட்டர். விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சென்றுவிடும். எனினும் வீட்டிலிருந்து நிலையம் செல்லுதல், சோதனை, காத்திருத்தல், இறங்கியபின் நகருக்குள் செல்லுதல் ஆகியவற்றைக் கூட்டினால் நான்கைந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. வானத்தில் கழிவதைவிடத் தரையில் கழியும் நேரமே மிகுதி.

நம் சரக்குக்கும் இதுவே நியதி. உப்பளத்திலிருந்து சென்னைக்கு லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மூன்று மணி நேரம் போதும். ஏற்றுவதற்கு மூன்று மணியும், நகரில் காத்திருந்து இறக்குவதற்கு இரண்டு மணியும் ஆயின் மொத்தம் எட்டு மணி. வேகத்தை 60 ஆக உயர்த்தினாலும் மிஞ்சுவது ஒரு மணி நேரமே. அதற்கு எரிபொருட் செலவும் விபத்து அச்சமும் உண்டு. ஏற்றும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒன்றரை மணி மிஞ்சும், அபாயம் எதுவுமில்லை.

முன்னாளில் பக்கிங்காம் கால்வாய் சென்னைக்குத் தெற்கே சுமார் 103 கிலோமீட்டர் நீண்டு மரக்காணத்தில் முடிந்தது. உப்பும் விறகும் அதில் ஓடங்களில் சென்றன. ஓடத்தின் நடை மெதுவாயினும், கரையிலேயே சரக்கு ஏற்ற முடிந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களால் கால்வாய் சேதமுற்றது. சரக்குப் போக்குவரத்து சாலைக்கு மாறிற்று.

நேரத்தின் அருமை இங்கு மிகப் பெரிது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அப்புறப்படுத்தாத உப்புக் குவியல் கரைந்துபோகும். கோயம்பேட்டுச் சந்தைக்கு விடியுமுன் சேராத தர்பூசணிக்கு விலை கிட்டாது. தீபாவளிக்குப் பின் சேரும் துணிச் சிப்பம் அடுத்த பண்டிகை வரை முடங்கும்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் லாரி வந்த நேரம், ஏற்றி முடித்த நேரம், சேர்ந்த நேரம், இறக்கிய நேரம் ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதி வருவது நலம். ஒரு மாதப் பதிவைப் பார்த்தாலே தாமதம் எங்கு நேர்கிறது என்பது விளங்கும். மூட்டைகளை முன்னரே எடையிட்டு, பாதையோரம் அடுக்கி வைப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. காத்திருப்புக்கான தொகை யாரைச் சேரும் என்பதையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளவேண்டும். சாலையின் நீளத்தை நம்மால் குறைக்க இயலாது. உப்பளத்து ஓரத்தில் வீணாகும் நேரத்தைக் குறைப்பது நம் கையில் உள்ளது.