ஒட்சிசன் மானியைப் பாருங்கள்

யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "சமையல் காஸ் சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே தளும்புகிறது. டிஸ்பென்சரியில் இருக்கும் ஒட்சிசன் சிலிண்டரில் ஒரு சத்தமும் இல்லையே, ஏன்?"

சமையல் காஸ் நம் ஊர்ச் சூட்டிலேயே அமுக்கினால் திரவமாகிவிடும். ஒட்சிசன் அப்படி மசியாது. மறை 118.6 பாகை செல்சியசுக்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. அதன் அவதி வெப்பநிலை அது. சாதாரண வளிமண்டல அமுக்கத்திலோ மறை 183 பாகை வரை குளிர்த்த வேண்டும். மறை 219 பாகையளவில் உறைந்து திண்மமாகும்.

திரவ ஒட்சிசனை அளக்கக்கூடிய அளவில் சேர்த்துப் பார்க்க 1883 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிராக்கோ நகரில் விரொப்லெவ்ஸ்கி, ஒல்செவ்ஸ்கி என்ற இரு விஞ்ஞானிகள் அதைச் சாதித்தார்கள். அதன் நிறம் இளநீலம். அதைவிட எனக்குப் பெரிய அதிசயம் அதன் காந்தக் குணம். பலமான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே திரவ ஒட்சிசனை ஊற்றினால் கீழே ஓடாமல், காலில் ஏறிய தோட்டத்து அட்டைபோல இரண்டு முனைகளையும் கவ்விக்கொண்டு தொங்கும். கொதித்து ஆவியாகித் தீரும்வரை விடாது. திரவ நைதரசனை ஊற்றினால் நேரே கீழே போய்விடும். ஒட்சிசன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் சோடி சேராத இரண்டு இலத்திரன்கள் இருப்பதே காரணம். வாயுவாக இருக்கும்போதும் இந்தக் குணம் போகாது. ஒட்சிசனின் செறிவை அளக்கும் சில கருவிகள் இதை வைத்தே இயங்குகின்றன.

ஒரு லீற்றர் திரவம் ஏறக்குறைய 850 லீற்றர் வாயுவாக விரியும். தொலைதூரத்துக்குத் திரவமாகவே கொண்டுபோவது அதனால்தான். 2021 ஓகஸ்ட்டில், கொவிட் உச்சத்தில் இருந்தபோது, இந்தியக் கடற்படையின் 'சக்தி' கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் திரவ ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது.

தோட்டத்துச் சிலிண்டரில் இருப்பதோ வெறும் வாயு. அதில் ஒரு நன்மை உண்டு. காஸ் சிலிண்டரில் கடைசித் துளித் திரவம் தீரும்வரை அமுக்கம் பெரிதாக இறங்காது. ஒட்சிசனில் பாதி தீர்ந்தால் மானியின் முள்ளும் பாதிக்கு இறங்கும். 10 லீற்றர் சிலிண்டரில் மானி 50 பார் காட்டினால் உள்ளே 500 லீற்றர் இருக்கிறது. நிமிடத்துக்கு 5 லீற்றர் கொடுத்தால் 100 நிமிடம் வரும். இவ்வளவு எளிய கணக்கைக்கூடத் தோட்டங்களில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் ஆதங்கம். சிலிண்டர் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

மேல் டிவிசனிலிருந்து கரவனல்லை ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றும் முன், வாகனத்தில் இருக்கும் சிலிண்டரின் மானியைப் பாருங்கள். வால்வில் எண்ணெயோ கிரீசோ பூசவிடாதீர்கள். செறிந்த ஒட்சிசனில் அது தீப்பிடிக்கும்.