மாமாவின் செம்பும் மூன்று லட்ச ரூபாயும்!

நாஞ்சில் நாட்டுப் பக்கம் பழைய ஓட்டு வீடு ஒன்றை இடிக்கிறார்கள் என்றால் ஓர் ஆட்டுரல், ஒரு பத்தாயம், கூடவே ஒரு செம்பு நிறையப் பழைய காசு... இந்த மூன்றும் அநேகமாகக் கிடைக்கும். காசில் பாதி திருவிதாங்கூர், மீதி வெள்ளைக்காரன் அடித்தது. 1956 நவம்பர் 1-ம் தேதிதானே நம்ம மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது!

தக்கலைப் பக்கத்தில் இருக்கும் என் மாமா வீட்டிலும் அப்படி ஒரு செம்பு உண்டு. போன மாதம் அவருக்கு ஒரு போன். ''சார், உங்ககிட்ட காண்டாமிருகம் போட்ட 25 பைசா இருக்காமே? மூணு லட்சத்துக்கு எடுத்துக்கறோம். ரிசர்வ் பேங்க்ல பதிவு பண்ண ஆறாயிரம் மட்டும் முதல்ல அனுப்பிடுங்க.''

மாமா மகளுக்கு நர்ஸிங் காலேஜ் ஃபீஸ் கட்டவேண்டிய நேரம். அத்தையின் கம்மல் அடகுக் கடைக்குக் கிளம்பிவிட்டது. நல்லவேளை, அதற்குள் அத்தை எனக்குப் போன் பண்ணிவிட்டாள். ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஒரு பூதக்கண்ணாடியோடு வடசேரியில் பஸ் ஏறினேன்.

''மருமவனே, நீ ஒண்ணும் சொல்லாண்டாம். லட்சுமி வாற நேரத்துல தடுக்கப்பிடாது'' என்றார் மாமா.

''தடுக்கல மாமா. முதல்ல காசைக் காட்டுங்க.''

காசில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள், கடுகு சைஸில் ஒரு குறி இருக்கும். அதுதான் அக்கசாலையின் கையெழுத்து. வைரம் போல இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். உருண்டைப் புள்ளி என்றால் 1988-ல் ஆரம்பித்த நொய்டா. ஒன்றுமே இல்லையா? கல்கத்தா! மூத்த பிள்ளை என்ற தோரணை, கையெழுத்தே போடமாட்டார்.

நம் அக்கசாலைகளுக்குத் தாங்கமுடியாத வேலை வந்தபோது வெளிநாட்டிலும் அடித்திருக்கிறார்கள். 1985 ஒரு ரூபாயில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இங்கிலாந்தின் பர்மிங்காம். 1999 ஐந்து ரூபாய் சிலவற்றில் ரஷ்ய எழுத்துக்கள் மூன்று இருக்கும், மாஸ்கோ. உங்கள் சட்டைப்பையில்கூட இருக்கலாம், டீக்கடையில் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பாருங்கள்.

மாமாவின் காண்டாமிருகம் ஹைதராபாத் நட்சத்திரம். கோடிக்கணக்கில் அடித்த காசு, 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லவும் செல்லாது. ஊரெல்லாம் இருக்கும் ஒன்றுக்கு எவன் மூன்று லட்சம் தருவான்? ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரிக்கை விட்டது: பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் எங்களுக்குச் சம்பந்தம் கிடையாது, எங்கள் பெயரைச் சொல்லிக் கமிஷன் வாங்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று. போனில் தேடி எடுத்துப் படித்துக் காட்டினேன். மாமா முகம் சுண்டிவிட்டது.

செம்பைக் கவிழ்த்தோம். முதலில் பெரிய செப்புக்காசு ஒன்று. ராமர் பட்டாபிஷேகம், பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818! ''இது அரிசியை இழுக்குமாம்டே'' என்றார் மாமா ரகசியமாக. இழுக்காது, மாமா! கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. பக்திக்காகப் பிற்காலத்தில் விற்ற வில்லை அது. 'ரைஸ் புல்லிங்' கும்பலிடம் லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்கள் நம் ஊரில் ஏராளம்.

அடுத்தது வெள்ளி. இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். விக்டோரியா ராணி முதல் 1939 வரை வந்த ஒரு ரூபாய் 11.66 கிராம்; அதில் சுத்த வெள்ளி 10.69 கிராம். யுத்தம் வந்தது, 1940-லிருந்து வெள்ளி பாதியாகிவிட்டது, 5.83 கிராம்தான். 1947-ல் புலி போட்ட ரூபாய் வந்ததே, அதில் வெள்ளியே கிடையாது. நிக்கல்! காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

மாமாவிடம் பழைய ரகம் ஒன்பது, யுத்தகாலத்து ரகம் ஐந்து. அதில் ஒன்றில் லாகூரின் 'எல்' எழுத்து. மொத்தம் சுமார் 125 கிராம் வெள்ளி. அன்றைய விலையால் பெருக்கினால் வருவது அடிமட்ட விலை. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அபூர்வத்துக்கும், தேயாத முகத்துக்கும்தான். வயசுக்குத் தனியாக மார்க் கிடையாது. 1862 என்று போட்ட ரூபாயை அதே வருஷத்தைப் போட்டு 1874 வரை அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்! மாறாக, 1939 ரூபாய் அபூர்வம். அதனால்தான் 1938-ன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கும் கெட்டிக்காரர்கள் கிளம்பினார்கள். பூதக்கண்ணாடி எதற்கு என்கிறீர்களா? இதற்குத்தான்.

ஆனால் அத்தை ஒரு காரியம் செய்திருந்தாள். 'பெரிய மனுஷங்க வாங்க வாறாங்களே' என்று பாதிக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்! சேகரிப்பவர்கள் அந்தப் பழைய கறுப்பைத்தான் விரும்புவார்கள். தேய்த்தால் விலை இறங்கும். அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடியில் கிடந்தவைதான் என்னைக் கட்டிப்போட்டன. மிளகை நசுக்கியதுபோல வெள்ளிச் சக்கரங்கள்! பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாய்க்கு மட்டும் இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரம் அவன் கௌரவத்துக்கு! இந்தப் பொடிசை விரலால் எண்ண முடியாது என்று குழி வைத்த பலகையில் கொட்டி, குலுக்கி எண்ணினார்களாம். சங்கு முத்திரையோடு செப்புக்காசுகளும் இருந்தன. அரை ரூபாய் ஒன்றில் 1118 என்று வருஷம். ''ஆயிரம் வருஷத்துக் காசா!'' என்று மாமா மறுபடி எழுந்து உட்கார்ந்தார். அது கொல்லம் ஆண்டு. 825 கூட்டுங்கள், 1943 பக்கம் வரும்.

வெள்ளி ரூபாய்களை உருக்கக் கொடுக்காமல், காசு சேகரிக்கும் இரண்டு பேரிடம் தனித்தனியாக விலை கேட்டு விற்றோம். ஃபீஸில் ஒரு பகுதி தேறியது. கம்மல் அத்தை காதிலேயே இருக்கிறது. சக்கரத்தை மட்டும் மாமா தரமாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த வாரம் அந்த ஆசாமி மறுபடி போன் செய்தானாம். மாமா நிதானமாகச் சொல்லியிருக்கிறார்: ''அந்த ஆறாயிரத்தை நீயே கெட்டிரு மக்கா. மூணு லட்சத்துல கழிச்சிட்டு மிச்சத்தை அனுப்பு.''

டொக்!