வண்டியேறிய படகு

தேர் கடலில் ஓடாது. நாவாய் நிலத்தில் ஓடாது. வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் கூறும் இக்கருத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் விளக்கி வந்தவன் நான். ஓய்வு பெற்ற 2015ஆம் ஆண்டிலேயே, ஒரு படகு நிலத்தின்மீது ஏறக்குறைய 20 கிலோமீட்டர் செல்வதை, அதன் பின்னாலேயே குடும்பத்தோடு காரில் அமர்ந்து பார்க்க நேர்ந்தது. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்னும் பழமொழியே அன்று வென்றது.

எங்கள் வீடு கொரட்டூர் ஏரிக்கு அண்மையில், தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் ஏரிக்கும் செல்ல வேண்டுமென்பது பழைய ஏற்பாடு. இடையிலிருந்த வாய்க்கால்களை மனைகளும் கட்டடங்களும் நெருக்கிவிட்டன. தாழ்நிலத்தில் வீடு கட்டிக்கொண்ட என்னைப் போன்றோருக்கும் இப்பிழையில் பங்குண்டு. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் பெய்த பெருமழையில், பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கத்தில் மட்டும் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அன்றிரவே எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றது.

மறுநாள் பிற்பகலில் காசிமேட்டு மீனவர் மூவர் லாரியில் ஒரு பைபர் படகை ஏற்றிக்கொண்டு வந்தனர். யார் அழைத்து வந்தார்கள் என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நீர் தொடங்கும் இடத்தில் படகை இறக்கி, நான்கு நாட்கள் தெருத்தெருவாகச் சென்று மக்களை மீட்டனர். என் மனைவி, மகன், மருமகள், ஏழு வயதுப் பேரன் அனைவரும் அப்படகிலேதான் மேட்டுக்கு வந்தோம். எங்களை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், நீருக்குள் மறைந்திருந்த சுற்றுச்சுவர்க் கம்பி படகின் அடிப்புறத்தை ஒரு முழ நீளத்திற்குக் கீறிவிட்டது. அந்தச் சுவர் என்னுடையது. திருடர்க்கு அஞ்சி நான் நட்டு வைத்த கம்பி அது.

“அந்தக் கம்பிக்கு நாங்க வர்றது தெரியுமா, ஐயா?” என்று சொல்லி மூத்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகு கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அவர் வீட்டில் வருவாயில்லாத நாள். வந்த லாரியோ வேறு வேலைக்குப் போய்விட்டது. ஆகவே, 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வாடகை லாரி ஒன்றை நானே அமர்த்தினேன்.

அன்று அவர்கள் படகை ஏற்றிய முறை எனக்கு ஒரு பௌதிகப் பாடமாயிற்று. கண்ணாடி இழைப் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்வது பைபர் படகு. நீரில் மிதக்கும்போது அதன் அடிவயிறு முழுவதையும் நீர் தாங்குகிறது. லாரித் தட்டிலோ அவ்வளவு பாரமும் இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே விழும். அவ்விடங்களில் பிளவு உண்டாகும். இதனைத் தவிர்க்க மணல் மூட்டைகளையும் பழைய டயர்களையும் அடியில் பரப்பி, படகின் வளைவுக்கு ஏற்ப அவற்றைத் தட்டிச் சரிசெய்தனர். எஞ்சினைக் கழற்றித் தனியே கிடத்தினர். பிறகு கயிறு. கீழ்நோக்கி இறுக்கினால் போதுமென்று நான் எண்ணியிருந்தேன். “வண்டி பிரேக் போட்டா படகு நிக்காது, ஐயா; டிரைவர் தலைமேலே போயிடும்” என்று கூறி, பின்னோக்கி இழுத்தும் இரண்டு கட்டுகள் போட்டார் ஒரு இளைஞர். நியூட்டனின் முதல் விதியை இவ்வளவு சுருக்கமாக நான் ஒருபோதும் நடத்தியதில்லை. தட்டுக்கு வெளியே நீண்ட பின்பகுதியில் சிவப்புத் துணி கட்டும் பணி பேரனுக்குக் கிடைத்தது.

பழைய கட்டுமரத்திற்கு இத்தொல்லை இல்லை. கட்டை அவிழ்த்தால் அது வெறும் மரங்கள்தாம்; கரையில் மீண்டும் கட்டிக்கொள்ளலாம். ஆங்கிலேயர் தம் மொழிக்கு எடுத்துக்கொண்ட நம் சொற்களில் அதுவும் ஒன்று.

பாடி, மூலக்கடை, வியாசர்பாடி வழியாக மெல்லச் சென்றோம். தாழத் தொங்கிய கம்பிகளைக் கழியால் தூக்கிப் பிடிக்க ஒருவர் படகின்மேலேயே நின்றார். படகு மெரீனாவுக்குத்தானே போகிறது என்று பேரன் கேட்டான். மேனாடுகளில் மெரீனா என்பது உல்லாசப் படகுகளைக் கட்டி வைக்கும் துறை. அங்கெல்லாம் குடும்பத்தார் விடுமுறை நாளில் சிறு படகைக் காரின் பின்னே பூட்டி இழுத்துச் சென்று அத்தகைய துறையில் இறக்குவர். நம் மெரீனாவோ, 1880களில் கவர்னராயிருந்த கிராண்ட் டஃப் அமைத்த உலாவும் சாலைக்கு, இத்தாலிய நினைவோடு இட்ட பெயர். அங்கே துறை கிடையாது. இவற்றையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் பையன் உறங்கிவிட்டான்.

காசிமேட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படகை இறக்கினர். கீறலைத் தேய்த்து, உலரவிட்டு, புதிய இழைப்பாயும் பிசினும் இட்டு மூட வேண்டும். சில நாள் வேலை. மீட்புக்கென்று பணம் நீட்டினேன். பெரியவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “என் கம்பி செய்த சேதத்திற்கு” என்றேன். சற்று யோசித்துவிட்டு, பிசினுக்கும் பாய்க்கும் ஆன தொகையை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார். இழந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இச்செலவு மீனவரின் பெருந்தன்மையில் விழலாகாது என்பதே என் கருத்து. 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் கேரள மீனவர்களும் இவ்வாறே லாரிகளில் படகேற்றி உள்நாட்டுக்கு விரைந்தனர். அவ்வரசு படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும், எரிபொருளும், பழுதுபார்க்கும் செலவும் தருவதாக அறிவித்தது. அவர்களுள் சிலர் பணம் வேண்டாமென மறுத்தனர். மறுப்பது அவர்கள் விருப்பம். அளிக்க முன்வருவது நம் கடமை.

சுவர்க் கம்பிகளை அந்த வாரமே அறுத்தெடுத்துவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மீண்டும் நீர் புகுந்தது. பதினைந்து வயதாகிவிட்ட பேரன், படகு வருகிறதென்று கேட்டதும், மாடிப்படியின் கீழிருந்த பழைய டயர்களைத் தெருமுனைக்கு உருட்டிக்கொண்டு போனான்.