பயனை வாங்குதல்: விடுமுறை உரிமை புதிதா, மறுவிற்பனையா?

மண்டைக்காட்டுக் கடற்கரைக்கு அருகில் வீடிருந்தும், வளைகுடாவில் பணியாற்றும் நண்பரொருவர் மலைவாசத்தலமொன்றில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை வாங்க விரும்பினார். (கடற்காற்று மலைக்குளிருக்கு ஈடாகாதுதான்.) நிறுவனத்திடம் புதிதாக வாங்குவதா, 11 ஆண்டுகள் அனுபவித்த ஒருவரிடம் வாங்குவதா என்பதே அவரது வினா.

நம் நாட்டில் இம்முறையைப் பரப்பியவை 1986இல் தோன்றிய ஸ்டெர்லிங், 1996இல் தோன்றிய மஹிந்திரா ஹாலிடேஸ் போன்றவை. பின்னதன் பரவலாக அறியப்பட்ட திட்டம் 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 7 நாள்.

இங்கு விற்கப்படுவது கட்டடமன்று. அதில் தங்கும் பயன். ஃபிக்ஹு நூல்கள் இதனை ‘மன்ஃபஅத்’ என்னும். பயனை முறைவைத்து அனுபவிக்கும் ‘முஹாயஆ’வை உதுமானியரின் மஜல்லா (1869–1876) தனியாகவே பேசுகிறது. 2007இல் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இவ்வொப்பந்தத்தை ஆராய்ந்தது.

பயன் ஆண்டுதோறும் கரைவது. 25இல் 14 ஆண்டுகளே எஞ்சியிருப்பின், புதிய விலையில் 25இல் 14 பங்குக்கு மேல் கொடுத்தல் தகாது. பெயர்மாற்றக் கட்டணமும் அதற்குள் அடங்க வேண்டும். புதிய விலையில் விளம்பரச் செலவும் விற்பனையாளர் தரகும் கலந்திருப்பதால், இன்னும் குறைத்துக் கேட்பதே என் கருத்து. விற்பவர் அன்று என்ன கொடுத்தார் என்பது நமக்குக் கணக்கன்று.

ஆயினும் தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுக் கட்டணம் உண்டு. முன்னவரின் பாக்கி பின்னவர் தலையில் விழலாம். பருவம், அறையளவு, நிறுவனத்தின் இசைவு ஆகியவை எழுத்தில் தெளிவாகாதவரை அது ‘கரர்’ கலந்த வணிகமே. புதிதாக வாங்கின் இத்தெளிவு எளிது; தவணையிலோ வட்டி நுழையும்.

நண்பர் பாக்கியில்லாச் சான்று கேட்டிருக்கிறார். அது வரும்வரை முன்பணம் கொடுப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார்.