கடல் கடந்தவரும் காணி உறுதியும்



திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. 1659ஆம் ஆண்டிற் புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுதுபார்த்தல் வேண்டி இக்குடாவை அடைந்தது. மன்னன் இரண்டாம் இராசசிங்கனுக்குச் செய்யவேண்டிய முறைகளைக் கப்பற்றலைவர் செய்யாமையே அரசன் சினத்துக்கு ஏதுவாயிற்று என்பர். 1660இல் பதினாறு பேர் சிறைப்பட்டனர். தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ் 1679இலேதான் தப்பிச் சென்றார். அந்நிய நாட்டின் வழக்காறு அறியாதவன் படும் பாட்டுக்கு எங்கள் மாவட்டத்தின் பழைய சான்று அது.

இன்று நிலை மாறிவிட்டது. எம்மவரே கடல் கடந்தனர். இலண்டனிலும் தொறொன்றோவிலும் சிட்னியிலும் குடியேறி, அந்நாடுகளின் குடியுரிமையும் பெற்றனர். அவர்களுட் பலருக்குப் பிறந்த ஊரே சட்டத்தின் கண்ணில் அயல்நாடாகிவிட்டது. ஆயினும் உவர்மலையில் ஒரு வீடும், தம்பலகாமத்தில் ஒரு வயற்றுண்டும், மூதூரில் ஒரு தென்னந்தோட்டமும் இன்னும் அவர்கள் பெயரில் உள்ளன. அவற்றை அங்கிருந்தபடியே காப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் சட்டத்தரணி அல்லேன். எனினும் அரசினர் பாடசாலை அதிபரிடம் ஊரார் கொண்டுவரும் கடிதங்களுள், பிள்ளைகளின் தேர்ச்சி பற்றியவற்றைக் காட்டிலும் காணி பற்றியவையே மிகுதி என்று சொன்னால் அது மிகையாகாது.

முதலில், காலம் பற்றிய சட்டம். பிறர் நிலத்தை உரியவரின் உரிமைக்கு மாறாகப் பத்தாண்டுகள் இடையீடின்றி ஆண்டுவந்தவர், அதனைத் தம்முடையதாகத் தீர்ப்புப் பெறலாம் என்கிறது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். பத்தாண்டு என்பது கேட்கவே அச்சந்தருவது. ஆயினும் அதே சட்டம், பராயமடையாமை, சித்த சுவாதீனமின்மை ஆகியவற்றோடு, கடல் கடந்திருத்தலையும் ஓர் இயலாமையாக எண்ணுகிறது. உரிமையாளர் கடலுக்கப்பால் இருக்குங்காலம் அவருக்கெதிராகக் கணக்கிடப்படுவதில்லை. பாய்க்கப்பலும் நீராவிக் கப்பலும் ஓடிய காலத்தில் எழுதப்பட்ட இவ்வேற்பாடு, விமானம் பறக்கும் இக்காலத்திலும் எம்மவருக்குத் துணை நிற்கிறது.

ஆனால் இத்துணைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. பிறர் புகுந்தபோதே உரியவர் வெளிநாட்டில் இருந்திருத்தல் வேண்டும். ஊரில் இருக்கும்போதே அயலவர் வேலியைத் தள்ளிப் போட்டு, பின்னர் நீங்கள் விமானம் ஏறியிருந்தால், ஓடத் தொடங்கிய காலம் உங்களுக்காக நில்லாது. இரண்டாவது எல்லை இன்னும் கொடிது. முப்பது ஆண்டுகள் தடையின்றி ஆண்டுவிட்டால், எந்த இயலாமையும் பயன் தராது. 1983இன் வன்செயலால் ஓடியவரின் வீட்டில் அவ்வாண்டிலேயே ஒருவர் புகுந்திருந்தால், 2013ஆம் ஆண்டில் அந்த முப்பது ஆண்டும் முடிந்துவிட்டது. போர்க்காலத்தில் நீதிமன்றத்தை நாட இயலாதோர்க்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அவர்களுக்கெதிராக எண்ணலாகாது என்பது அதன் சாரம். அச்சட்டம் முதலில் தந்த அவகாசமோ இரண்டாண்டுகளே. செய்தி பனிபெய்யும் தேசங்களுக்குப் போய்ச் சேருமுன் அதிற் பாதி கழிந்திருக்கும்.

உடன்பிறந்தாரிடையே நிலைமை வேறு. பெற்றார் காணி நால்வருக்குப் பொதுவாயிருக்க, ஊரில் நின்ற ஒருவரே அதனை ஆண்டுவரின், அவ்வாட்சி நால்வரின் ஆட்சியாகவே கொள்ளப்படும் எனக் கோறியா எதிர் ஈசேரிஸ் அப்புகாமி என்னும் வழக்கிலே 1911இல் பிரிவுக் கவுன்சில் தீர்ப்பளித்தது. மற்றையோரின் உரிமையை மறுத்து வெளிப்படையாக விலக்கிய செயல் ஒன்று இருந்தாலன்றித் தனியுரிமை பிறவாது. ஆயினும் நெடுங்காலத் தனியாட்சியைக் கொண்டு அத்தகைய விலக்கலை ஊகிக்கலாம் என்று 1918இல் இன்னொரு வழக்கிலே முடிவாயிற்று. ஆகவே 'தம்பிதானே இருக்கிறான்' என்று வாளாவிருத்தல் முற்றிலும் பாதுகாப்பன்று.

இனி, நேயர்களே, அற்றோணித் தத்துவத்துக்கு வருவோம். தமக்காகச் செயற்படும் அதிகாரத்தை எழுத்தில் இன்னொருவருக்குக் கொடுக்கும் பத்திரம் அது. இதற்குரிய கட்டளைச் சட்டம் 1902இல் தோன்றியது, 2022இல் திருத்தப்பட்டது. வெளிநாட்டில் இருப்பவர் இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ ஒப்பமிட்டு, இங்கே பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்திற் பதிவு செய்விப்பதே நேரிய வழி. கஷ்டமெல்லாம் பத்திரத்தின் வாசகத்திலேதான் தொடங்குகிறது. 'என் சொத்துக்கள் யாவற்றையும் விற்கவும் ஈடுவைக்கவும் நன்கொடை செய்யவும்' என்று அச்சடித்த படிவம் ஒன்று கைக்குக் கை மாறுகிறது. வாடகை வாங்குவதற்காக மைத்துனருக்குக் கொடுத்த அதிகாரம், வீட்டையே விற்கும் அதிகாரமாக இருந்ததைப் பின்னரே அறிந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். வெளியே தொழில் தேடிப் போன மகன் பன்னிரண்டு ஆண்டு உழைத்துக் கட்டிய வீடு அது. வழக்கு இன்னும் நடக்கிறது. அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை.

வாடகை வாங்க வேண்டுமாயின் அதற்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்க வேண்டுமாயின் இன்ன காணி, இன்ன உறுதி இலக்கம், இன்ன விலைக்குக் குறையாமல் என்று எழுதுங்கள். முடிவு தேதி ஒன்று குறியுங்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் இறந்துவிடும் என்பதை ஊரிலுள்ளோரும் மறத்தல் ஆகாது. தந்தை காலமான பின் அவருடைய தத்துவத்தைக் காட்டி எழுதும் உறுதி செல்லாது. நம்பிக்கை குலைந்தால் இரத்துச் செய்க. ஆனால் வாயால் அன்று: எழுத்தில் இரத்துச் செய்து, தத்துவம் பெற்றவருக்கு அறிவித்து, பதிவேட்டிலும் அதனைப் பதிப்பிக்க வேண்டும்.

காணி கைமாறுவதற்கு 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். உறுதியை முடித்துப் பெட்டியிற் பூட்டி வைப்பது மட்டும் போதாது. பதியப்படாத உறுதி, பின்னர் விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதிக்கு முன் தோற்றுப்போகும். வெளிநாட்டில் இருந்து வாங்குவோர் இதனைத் தரகர் சொல்லை நம்பி விட்டுவிடுகின்றனர். காணிப் பதிவகத்தில் ஏட்டைத் தேடிப் பார்க்கச் செய்தல் பெருஞ்செலவன்று. அங்கே 'கேவியற்' என்னும் முன்னெச்சரிக்கையைப் பதிந்து வைத்தால், உங்கள் காணி மேல் வேறொருவர் உறுதி பதிய வரும்போது உங்களுக்கு அறிவித்தல் வரும். உறுதி எரிந்து போயிருந்தாலும் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி பெறலாம். 2006இல் சம்பூரிலும் மூதூரிலும் உடுத்த துணியோடு ஓடியவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

வழக்கு மூண்டால்? பொதுவான தத்துவம் பெற்றவர் உங்களுக்காக நீதிமன்றத்தில் தோன்றலாம். வாதி இலங்கைக்கு வெளியே வாழ்பவராயின், எதிர்த்தரப்பின் செலவுக்குப் பிணை வைக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடவும் கூடும்; அதற்கும் பணம் எடுத்துவையுங்கள். பங்குபிரிப்பு வழக்கு தனி ஆபத்துடையது. 1977ஆம் ஆண்டின் சட்டப்படி அதன் இறுதித் தீர்ப்பு உலகத்தார் அனைவரையும் கட்டுப்படுத்தும். அறிவித்தலைக் காணியிலே ஒட்டுவார்கள். தொறொன்றோவில் இருப்பவர் அதனை எங்ஙனம் காண்பார்? காணியைப் பார்த்து எழுதும் ஓர் ஆளாவது ஊரில் இருக்க வேண்டும் என்பது இதனாலேதான்.

குடியுரிமை மாறியோர்க்கு இன்னொரு சொல். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நியர் இங்கே காணி வாங்குவதைத் தடுக்கிறது. முன்னரே உள்ள உரிமையை அது பறிக்கவில்லை; நெருங்கிய உறவினரிடமிருந்து வழியுரிமையாக வருவதையும் தடுக்கவில்லை. இரட்டைக் குடியுரிமை பெற்றோர்க்கு அத்தடை இல்லை. கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரத்தில் வந்த அரச காணியோ வேறு வகை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதனை ஆளுகிறது. அதனை எண்ணியபடி விற்க இயலாது. நிபந்தனை மீறின் அனுமதியே இரத்தாகும். எத்தனை வலிய தத்துவம் எழுதினாலும் இல்லாத உரிமையை அது தராது.

இறுதியாக, வீட்டில் ஒருவரை இருத்திவிட்டுப் போவோர் கவனிக்கத்தக்க சிறு காரியம் ஒன்று. உங்கள் அனுமதியோடு இருப்பவரின் ஆட்சி, அவ்வனுமதி நிலவும்வரை உங்களுக்கு எதிரான ஆட்சி ஆகாது. ஆயினும் அனுமதியை நிரூபிக்க ஒரு தாள் வேண்டும். உறவினராயினும், 'இவ்வீட்டில் உங்கள் அனுமதியுடன் இருக்கிறேன், கேட்கும்போது விட்டுத் தருவேன்' என்று எழுதி ஒப்பமிட்ட கடிதம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சோலைவரியை உங்கள் பெயரிலேயே செலுத்தச் செய்து, பற்றுச்சீட்டுக்களை ஆண்டுதோறும் அனுப்பச் சொல்லுங்கள். ஒப்பமிடக் கூச்சப்படும் மாமாவுக்கு, 'பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பார்கள் மாமா' என்று நயமாகச் சொன்னாற் போதும். பெரும்பாலோர் ஒப்பமிட்டே விடுகிறார்கள்.