பூசாரி சொன்னால் கேட்கிற மலையில் ஹெச்.ஐ.வி. தடுப்பு

புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடப்பது ஜவ்வாதுமலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களும் இதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் வம்சக் கதையைச் சொல்கிற தமிழர்கள். இங்கே மதத் தலைவர் யார் என்று கேட்டால் மடாதிபதியையோ ஆயரையோ காட்ட முடியாது. அம்மன் கோயில் பூசாரி, அருள் வந்து குறி சொல்பவர், கோயில் காரியத்தை முன்நின்று நடத்தும் ஊர்க்கவுண்டர், சில ஊர்களில் மாதாகோயில் உபதேசியார், அவ்வளவுதான். ஆனால் கல்யாணத்துக்கு நாள் வைப்பதும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும், சாவு வீட்டுச் சடங்கும் இவர்கள் தலையசைத்தால்தான் நகரும்.

இந்த மனிதர்களுக்கு ஹெச்.ஐ.வி. தடுப்பில் என்ன வேலை? நிறைய இருக்கிறது. அது பலரும் நினைப்பதுபோல ஒழுக்கப் பிரசங்கம் செய்கிற வேலை அல்ல.

முதலில் நோயைப் பற்றி நாலு வார்த்தை. ஹெச்.ஐ.வி. கிருமி பரவும் வழிகள் சிலவே: ஆணுறை இல்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, தாயிடமிருந்து குழந்தைக்கு. ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே குடத்தில் மொண்டு குடித்தால், கொசு கடித்தால், குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தால் பரவாது. இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள். பெரியவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற கணக்கு.

மலைக்காரர்களுக்கு நோய் அதிகம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சாமையும் புளியும் தேனும் வருஷம் முழுக்கச் சோறு போடுவதில்லை. கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், கேரளம், திருப்பூர் என்று ஆண்கள் மாதக்கணக்கில் வெளியே போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாதுமலைக்காரர்களும் இருந்தார்கள் என்பதே, கூலி இவர்களை எவ்வளவு தூரம் இழுக்கிறது என்பதற்குச் சாட்சி. வீட்டை விட்டு நெடுநாள் பிரிந்திருக்கும் தொழிலாளர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று அரசின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டமே சொல்கிறது.

இந்தியாவில் இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட கதையிலும் இந்த வட்டாரம் வருகிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆராய்ச்சி மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்து ராத்திரி ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தார்கள். ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. ஒரு மிஷனரிப் பெண் மருத்துவர், ஐடா ஸ்கடர், 1900-இல் தொடங்கிய மருத்துவமனை அது. நாட்டின் முதல் ஹெச்.ஐ.வி. முடிவே மத நம்பிக்கை கட்டியெழுப்பிய கட்டடத்துக்குள்தான் வெளிவந்தது. மதம் ஒரு பக்கம், மருத்துவம் ஒரு பக்கம் என்று கோடு கிழிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அன்று மருந்து இல்லை. பயமுறுத்தல்தான் தடுப்பு முறையாக இருந்தது. மண்டை ஓடு போட்ட சுவரொட்டிகள் நினைவிருக்கும். இன்று நிலைமை தலைகீழ். 2004 ஏப்ரல் முதல் அரசு கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தமிழகத்தில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் அது தொடங்கியது. 2017-இலிருந்து, கிருமி இருப்பது தெரிந்த உடனேயே சிகிச்சை. இப்போது பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. அதை விடாமல் சாப்பிட்டு, சோதனையில் அகப்படாத அளவுக்கு ரத்தத்தில் கிருமி குறைந்து, அது அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. கர்ப்பிணிக்குச் சிகிச்சை இல்லையென்றால் குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு. சிகிச்சை இருந்தால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம்.

ஆக, ரத்தம் கொடுத்துப் பரிசோதிப்பதும் மாத்திரையை விடாமல் போடுவதுமே இன்று தடுப்பில் பெரும் பாதி. இரண்டுக்கும் குறுக்கே நிற்பது வெட்கமும் பயமும். ஊர் என்ன சொல்லும், கோயிலுக்குள் விடுவார்களா, பெண்ணுக்கு வரன் வருமா? இந்தக் கேள்விகளுக்கு டாக்டரிடம் மருந்து கிடையாது. பூசாரியிடம் இருக்கிறது.

தாய்லாந்தில் 1997-இல் சியாங் மாய் நகரில் தொடங்கிய சங்க மெத்தா என்ற திட்டத்தில் பௌத்தத் துறவிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். துறவிகள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காலையில் திருவோடு ஏந்திப் போகும்போது ஹெச்.ஐ.வி. உள்ளவர் வீட்டு வாசலிலும் நின்றார்கள். அவர் சமைத்த சோற்றை வாங்கி எல்லோர் கண்ணெதிரே சாப்பிட்டார்கள். சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று நூறு துண்டுப்பிரசுரம் சொல்வதை அந்த ஒரு கவளம் சொல்லிவிட்டது. ஜவ்வாதுமலைப் பூசாரிக்கும் இது எட்டாத காரியமல்ல. திருவிழாவில் அந்த வீட்டுப் பொங்கல் பானையை மற்ற பானைகளோடு வரிசையில் வைக்கச் சொல்லி, அதிலிருந்து ஒரு கை எடுத்து அவரே வாயில் போட்டுக்கொண்டால் போதும். திருநீற்றை மேலிருந்து உதறிப் போடாமல் நெற்றியைத் தொட்டுப் பூசினால் போதும். வரிசையில் நிற்கிற கிழவிகள் இதையெல்லாம் தவறாமல் பார்ப்பார்கள்.

நோயைச் சாமியோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அம்மை கண்டால் மாரியம்மன் என்றோம், பிளேக் வந்தபோது அதற்கும் ஒரு மாரியம்மனைக் கும்பிட்டோம். கர்நாடகத்து மாண்டியா மாவட்டத்தில் மெணசிக்யாத்தனஹள்ளி என்ற ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர் 1997 டிசம்பர் 1 அன்று, உலக எய்ட்ஸ் தினத்தில், எய்ட்ஸம்மா என்றே ஒரு கோயில் எழுப்பினார். ஊரில் எய்ட்ஸால் இறந்தவர்களை அடக்கம் செய்யக்கூட ஆள் வராததைப் பார்த்து வந்த யோசனை அது. வேண்டுதலுக்காகக் கட்டியதல்ல, வருகிறவர்கள் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கட்டியது. படித்தவர்கள் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கூட்டம் போட்டால் வராதவர்கள் கோயிலுக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்ட ஆசிரியர் அவர்.

சாமியோடு சேர்ப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. நோய் சாமி கொடுத்த தண்டனை என்று ஒருமுறை பூசாரி வாயிலிருந்து வந்துவிட்டால், ஊரில் எவரும் ரத்தம் கொடுக்கப் போக மாட்டார்கள். கணவனிடமிருந்து தொற்றிய பெண்ணும், பிறக்கும்போதே தொற்றிய பிள்ளையும் எந்தப் பாவத்துக்குத் தண்டனை அனுபவிக்கிறார்கள்? ஒழுக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மனைவிக்கு உண்மையாக இரு என்று சொல்லப் பூசாரிக்கு முழு உரிமை உண்டு. நோயாளியை எடுத்துக்காட்டாக்கிச் சொல்லும்போதுதான் அது கெடுதலாகிறது. உகாண்டாவின் ஆங்கிலிக்கன் பாதிரியார் கிடியன் பியாமுகிஷா தமக்கே ஹெச்.ஐ.வி. இருப்பதை 1992-இல் வெளிப்படையாகச் சொன்னபோது, ஆப்பிரிக்காவில் அப்படிச் சொன்ன முதல் மதகுரு அவர்தான். அதற்குப் பிறகு பாவத்தின் சம்பளம் என்று மேடையில் முழங்குவது மற்ற போதகர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

ஆணுறை என்ற பேச்சு வந்ததும் எல்லா மதத்திலும் தொண்டை கட்டிக்கொள்கிறது. அதே 1992-இல் அதே உகாண்டாவில் இஸ்லாமிய மருத்துவச் சங்கம் இமாம்களுக்குப் பயிற்சி தொடங்கியபோது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மதத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான், பிறகு அதையும் சேர்த்தார்கள். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 1998-இல் அந்தப் பயிற்சியை முன்மாதிரித் திட்டமாக வெளியிட்டது. நம் பக்கம் இன்னொரு வழி உண்டு. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குச் சித்திரையில் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் கூடும்போது, தொண்டு நிறுவனத்தார் அங்கேயே ஆணுறை கொடுக்கிறார்கள், பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். திருநங்கைகளுக்குத் தாலி கட்டுவது பூசாரி வேலை, மற்றது தொண்டு நிறுவனத்தார் வேலை. பூசாரி தன் வாயால் ஆணுறை என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வருகிற நர்ஸைத் தடுக்காமல் இருந்தால் அதுவே பாதி உதவி.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2005-இல் ஹெச்.ஐ.வி. குறித்துத் தனிக் கொள்கை வெளியிட்டது. 2008-இல் பெங்களூரில் இந்து சமயத் தலைவர்கள் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் பெங்களூர் அறிக்கை தானாக ஜமுனாமரத்தூர் பஸ் ஏறி மேலே வராது. மலையில் வேண்டியது சின்னச் சின்னக் காரியங்கள்.

விரதத்தையே எடுத்துக்கொள்வோம். ஐயப்பனுக்கு மாலை போட்டவரும் அம்மனுக்குக் காப்புக் கட்டியவரும், விரதம் என்று மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி பெருகும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். மாத்திரை போட்டால் விரதம் கெடாது என்று குருசாமியோ பூசாரியோ சொன்னால் முடிந்தது விஷயம். ரம்ஜான் நோன்பிருப்பவர், நாளைக்கு ஒன்றுதானே, டாக்டரிடம் கேட்டு இரவு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மொட்டை அடிக்கும் இடத்தில் தலைக்கு ஒரு புது பிளேடு, அலகு குத்தும் இடத்தில் அவரவர்க்குத் தனி அலகு. ஹெச்.ஐ.வி.யைவிட மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கு இது இன்னும் அவசியம். திருவிழாக் கமிட்டி செலவில் பிளேடு பெட்டி ஒன்றும் பெரிய தொகை இல்லை.

தாயத்து கட்டலாம், மந்திரிக்கலாம், வேப்பிலை அடிக்கலாம். மனசுக்குத் தெம்பு கிடைத்தால் வேண்டாம் என்பானேன்? ஆனால் எய்ட்ஸைக் குணமாக்குவேன் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. எய்ட்ஸைத் தீர்க்கும் என்று சொல்லி மருந்து விற்பதை இந்திய மருந்துச் சட்டத்தின் விதிகளே தடுக்கின்றன.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது ரகசியம். குறி கேட்பது ஊர் நடுவில், பம்பைச் சத்தத்துக்கு நடுவே, பத்துப் பேர் காது நீட்டிக்கொண்டிருக்க நடக்கிற காரியம். வெளியூர் வேலைக்குப் போய் மெலிந்து திரும்பியவனைப் பற்றி அவன் அம்மா அங்கே கேட்டால், பதில் அவள் காதோடு நிற்க வழியில்லை. அருள் அடங்கிய பிறகு, கோயில் பின்பக்கம் தனியாகக் கூப்பிட்டு, ‘ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துட்டு வாப்பா, அப்புறம் பூஜை போடலாம்’ என்று அவனிடமே சொல்வதுதான் முறை. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, ஒருவருக்குக் கிருமி இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. அவர் சம்மதமின்றிப் பரிசோதிக்கவும் கூடாது. கல்யாணத்துக்கு முன் ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் நாள் வைப்பேன் என்று ஊர்க்கவுண்டர் கட்டளை போட முடியாது. இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது என்று சொல்லலாம், அதோடு சரி. கிருமி இருக்கிறது என்பதற்காக வேலையிலிருந்து நீக்குவது, பள்ளியில் சேர்க்க மறுப்பது, சிகிச்சை மறுப்பது எல்லாவற்றையும் அதே சட்டம் தடை செய்கிறது.

பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் உண்டு. பணம் கிடையாது, ரத்தம் எடுப்பதற்கு முன்னும் முடிவு வந்த பின்னும் ஆற்றுப்படுத்துநர் தனியறையில் உட்காரவைத்துப் பேசுவார். கிருமி இருந்தால், கூட்டு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். மலையிறங்கும் முன் விவரம் கேட்க வேண்டுமென்றால் 1097-க்கு அடிக்கலாம். கட்டணமில்லை, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதுமில்லை.